தொடுப்பு தெரியாத தலைமயிர்

தொடுப்பு முடி வாங்கப் போகிறவளிடமிருந்து முதலில் வரும் கேள்வி எப்போதும் நீளம்தான். "மாமி, இருபத்திநாலு இஞ்சி வாங்கட்டோ, இருபது காணுமோ?" எழுவைதீவில் ஒரு கலியாணம் வைத்தால் ரொறன்ரோவிலிருந்து வந்து நிற்கிற மருமகளும், யாழ்ப்பாணத்தில் அறை எடுத்துப் படிக்கிற மருமகளும் இதையேதான் கேட்கிறார்கள். கையில் தேத்தண்ணி, கடித்துக் குடிக்கப் பனங்கட்டித் துண்டு, ஊர்காவற்றுறையிலிருந்து அடுத்த படகு வரும்வரை நேரமும் இருக்கிறது. நீளத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு நான் கேட்பது இதுதான்: "பின்னப்போறியோ, விரிச்சு விடப்போறியோ?"

பின்னுவதென்றால் சவரி போதும், காசைக் கொட்ட வேண்டாம். எங்கள் அம்மம்மாமார் சீப்போடு வந்த மயிரை விரலில் சுருட்டிக் கிடுகுச் செத்தைக்குள் செருகி வைப்பார்கள். காலப்போக்கில் அது ஒரு பிடி சேர்ந்ததும் சிக்கெடுத்து, ஒரு பக்கத்தை நூலால் இறுக்கிக் கட்டிச் சவரியாக்குவார்கள். சொந்த மயிர் என்பதால் நிறம் பொருத்துகிற கவலையே இல்லை. இன்றைக்கும் மணப்பெண்ணின் சடைக்கு அதுவே சரி. மூன்று புரியாகப் பின்னி, சடைநாகம் வைத்து, பூச்சுற்றி, நுனியில் குஞ்சம் கட்டிய பிறகு தொடுப்பு எங்கே என்று தலை இழுத்துவிட்டவளுக்கே தெரியாது. சவரி சொந்தப் பின்னலோடு சேர்ந்து முறுகிக் கிடப்பதால் அவ்வளவு பாரத்தையும் தாங்கும். அதே சடைநாகத்தை, கடையில் விற்கிற, கிளிப்பால் மாட்டும் தொடுப்பு முடிப் பட்டியில் கொளுவினால் பாரம் முழுவதும் இரண்டு மூன்று கிளிப்பில் தொங்கும். பெண் குனிந்து குனிந்து கும்பிட்டு எழும்பும் நாளில் அது எவ்வளவு நேரம் நிற்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

விரித்துவிடுவதுதான் சங்கடம். காற்றில் மேல்மயிர் விலகும்போது கீழே கிடக்கிற பட்டி வெளியே தெரியும். வரவேற்புக்கு மயிரை விரித்துவிட்டு நிற்கிற பிள்ளையின் பின்தலையில் தடித்த தையல் கோடு ஒன்று புடைத்துக்கொண்டு நிற்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்தப் புடைப்பை இல்லாமல் செய்யத்தான் சீம்லெஸ் என்று சொல்லி விற்கிற கிளிப் முடி வந்தது.

பழைய வகையில் மயிரை இயந்திரத்தில் நூலோடு தைத்துப் பட்டியாக்குவார்கள். அடர்த்திக்காக அப்படியான இரண்டு மூன்று பட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துத் திரும்பவும் தைப்பார்கள். அதனால் வருவது கயிறுபோல் உருண்ட விளிம்பு. சீம்லெஸ் வகையில் மயிரின் மேல்நுனி, தோல்போல மெல்லிய பொலியூரதேன் அல்லது சிலிக்கோன் நாடாவுக்குள் பதிந்திருக்கும். சில நிறுவனங்கள் மெல்லிய வலைத்துணியில் செய்கின்றன. நாடா தட்டையாகத் தலையோடு படியும், வளைத்தால் வளையும். அதன் உட்புறத்தில் சிறு கிளிப்புகள் தைத்திருக்கும். விரலால் அழுத்தினால் டிக்கென்று மூடும், திருப்பி அழுத்தினால் திறக்கும். உள்ளே சீப்புப் பற்கள், வழுக்காமலிருக்க ஒரு சிலிக்கோன் கீற்று. கடையில் கையில் எடுத்தால் முதலில் இந்தக் கிளிப்பைப் பாருங்கள். பல் கூராக இருந்தால் மண்டையைக் கீறும். நாடாவோடு தைத்த நூல் தளர்ந்திருந்தால் நாலாம் தரம் போடும்போது கிளிப் கையோடு வரும். மலிவான இரும்புக் கிளிப் எங்கள் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். துரு முதலில் கறையாக்குவது கிளிப்பைச் சுற்றியுள்ள மயிரைத்தான்.

சொந்த மயிர் மெல்லியதாக இருப்பவளுக்குத்தான் இந்தத் தட்டை நாடா அவசியம். கத்தையாக மயிர் உள்ளவள் சாதாரணத் தையல் பட்டியைப் போட்டாலும் மேல்மயிர் மூடிவிடும். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

இனி நீளத்துக்கு வருவோம். பெட்டியில் இஞ்சியோடு இன்னொரு எண்ணும் இருக்கும், கிராம். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. 120 கிராம் மயிர் 16 இஞ்சியில் இருந்தால் ஒரு அடர்த்தி. அதே 120 கிராம் 24 இஞ்சிக்கு நீண்டால் இழைகளின் எண்ணிக்கை மூன்றில் இரண்டாகக் குறைந்துவிடும், நிறை மாறாதபடியால் வேறு வழியில்லை. நீளத்தை மட்டும் பார்த்து வாங்கினால் இடுப்புவரை எலிவால்தான் தொங்கும். மெல்லிய மயிருக்கு 100 முதல் 120 கிராம், நடுத்தரத்துக்கு 150 கிராம் அளவில், அடர்த்தியான மயிருக்கு 200 கிராமுக்குக் கிட்ட என்பது பொதுவான கணக்கு. மெல்லிய மயிரில் 220 கிராமைத் தொங்கவிட்டால் ஒரு மணித்தியாலத்தில் தலையிடி தொடங்கும். இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள். ஒரு கத்தையில் குட்டை மயிரும் நெட்டை மயிரும் கலந்திருப்பது இயல்பு, அதனால் நுனி மெலியும். குட்டை மயிரில் பெரும்பகுதியை உருவி எறிந்து, மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே தடிப்பில் வைப்பதை டபுள் ட்ரோன் என்பார்கள். விலை கூடும். ஆனால் எங்கள் பெண்களின் சொந்த மயிரே கீழே போகப்போக மெலிவதால் நுனி மொத்தமாக வெட்டி நின்றால்தான் பொய்யாகத் தெரியும். என்னைக் கேட்டால் கொஞ்சம் மெலிந்த நுனியே நல்லது.

நிறத்தில் ஒரு தப்பு திரும்பத் திரும்ப நடக்கிறது. எங்கள் தலைமயிர் கறுப்பு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டு ஒன்றாம் இலக்கத்தை வாங்குகிறார்கள். அது மைக்கறுப்பு, சாயம் போட்ட கறுப்பு. தமிழ்ப் பெண்களில் பெரும்பாலானோருக்குப் பொருந்துவது 1பி என்ற இயற்கைக் கறுப்பு. கடலும் வெயிலுமாகத் திரிகிற தீவுப் பிள்ளைகளின் நுனி செம்பட்டை பாய்ந்திருக்கும். சிலருக்கு இரண்டாம் இலக்கக் கடும் மண்ணிறம்கூடச் சரிவரும். உச்சியோடு ஒப்பிட வேண்டாம். தொடுப்பு முடி கலப்பது கழுத்துக்குக் கீழே உள்ள பாதியோடுதான், அதனால் அந்தப் பாதியோடு ஒப்பிடுங்கள். அதையும் கடை வெளிச்சத்தில் செய்யாமல் பகலில் முற்றத்தில் வைத்துச் செய்யுங்கள். நரைக்கு மருதோன்றி போடுகிற தலையென்றால் போட்டு ஒரு கிழமை கழித்துப் பார்ப்பது நல்லது.

"இது ஆற்ற மயிர் மாமி?" என்று ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. உலகச் சந்தைக்கு மனித மயிரைக் கொடுப்பதில் இந்தியா முதலிடத்தில் நிற்கிறது. அதில் தலைசிறந்தது கோயில் மயிர். திருமலையில் கல்யாணக்கட்டா மண்டபத்தில் நாள் முழுக்க மொட்டையடிப்பு நடக்கும். தேவஸ்தானம் அந்த மயிரை நீளம் பார்த்துத் தரம் பிரித்து இணையவழி ஏலத்தில் விற்கிறது. பழனி, திருத்தணி, சமயபுரம் கோயில்களிலும் காணிக்கை மயிர் ஏலம் போகிறது. திருமலைக் காணிக்கைக்குச் சொல்லப்படும் கதைகளில் ஒன்று, பெருமாளின் தலையில் காயம் பட்டு மயிர் போன இடத்தில் நீளாதேவி தன் கூந்தலில் ஒரு பகுதியை வெட்டி வைத்தாள் என்பது. தொடுப்பு முடி போட்டு நாணுகிற பிள்ளைகளுக்கு நான் அதைத்தான் சொல்வேன், பெருமாளே போட்டவர். யாழ்ப்பாணத்திலிருந்து போய் அங்கே மொட்டை போட்டவரின் மயிர் ஐரோப்பா சுற்றி, பாரிஸ் ஷாத்தோ தோ பக்கத்து மயிர்க் கடையில் அவர் மருமகளின் கைக்கே வந்திருக்கவும் கூடும். யார் கண்டது?

இந்த வியாபாரம் எவ்வளவு தூரம் போகிறது என்பதற்கு ஒரு சம்பவம். கலியாணமான யூதப் பெண்களில் பக்தி மிகுந்த பிரிவினர் தலையை மறைக்க விக் போடுவார்கள். 2004 மே மாதத்தில் ஜெருசலேமின் மூத்த மதகுரு எல்யாஷிவ், இந்தியக் கோயில் மயிரில் செய்த விக் விக்கிரக வழிபாட்டோடு சம்பந்தப்பட்டது, போடக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். நியூயோர்க்கின் புரூக்ளினில் பெண்கள் விக்குகளைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள்.

கோயில் மயிருக்கு ஏன் அந்த விலை? அங்கே கத்தையாக வெட்டி, வேர்ப்பக்கம் ஒரு பக்கமாகவே கட்டி வைக்க முடிகிறது. ஒரு மயிரை நுண்ணோக்கியில் பார்த்தால் வேய்ந்த ஓலைக்கூரை மாதிரி, மேல் செதில் கீழ் செதிலை மூடிக்கொண்டு வேரிலிருந்து நுனிநோக்கிச் சரிந்திருக்கும். எல்லா மயிரும் ஒரே பக்கம் பார்த்தால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் போகும். தலைகீழாகக் கலந்தால் செதிலோடு செதில் கொளுவிச் சிக்காகும். ஒரே பக்கம் பார்க்க அடுக்கியதைத்தான் ரெமி என்கிறார்கள். மற்ற வகை சீப்பில் விழுந்த மயிர். இந்தியாவில் வீடு வீடாகப் போய்ச் சாமானுக்கு மாற்றாக அதை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். உருண்டையாகச் சேர்ந்த அந்த மயிர் கர்நாடகத்துக் கொப்பள், மேற்கு வங்கத்து முர்ஷிதாபாத், மியன்மார் என்று போய்க் கையால் சிக்கெடுக்கப்படுகிறது. 2022 ஜனவரியில் இந்திய அரசு பதப்படுத்தாத மயிரின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதற்கு, எல்லை கடந்து நடந்த கடத்தலும் ஒரு காரணம். விழுந்த மயிரில் வேர் எது, நுனி எது என்று தெரியாது. அதனால் அமிலத்தில் தோய்த்துச் செதிலையே அரித்துவிட்டு, மேலே சிலிக்கோன் பூசி மினுக்குவார்கள். கடையில் அது ரெமியைவிட வழுவழுப்பாக இருக்கும். நாலைந்து முழுக்கில் பூச்சுப் போனதும் தும்புக்கட்டைதான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு விளையாட்டு இருக்கிறது. தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு உங்கள் தலையிலிருந்து ஒரு நீள மயிரைப் பிடுங்குங்கள். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடித்து, மயிரின் நீளப் போக்கில் விரல்களை முன்னும் பின்னும் தேயுங்கள். உருட்ட வேண்டாம், தேய்த்தால் போதும். மயிர் தானாக ஒரு பக்கம் நகரத் தொடங்கும். அது எப்போதும் வேர்ப்பக்கமாகவே நகரும், செதில்கள் மறுபக்கம் போகவிடாமல் பிடிக்கின்றன. இனி வாங்கப்போகிற பட்டியிலிருந்து ஏழெட்டு இழையை உருவி ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பாருங்கள். எல்லாம் நாடாவில் இருந்த பக்கத்துக்கே போனால் ரெமி. சில மேலே, சில கீழே போனால் கலப்பு. எதுவும் அசையாமல் நின்றால் செதில் இல்லை. பிள்ளைகள் இதைச் செய்துபார்த்துக் கத்துகிற சத்தத்தில் பக்கத்து வீட்டாரும் வந்துவிடுவார்கள். செயற்கை நாரா என்ற சந்தேகம் இருந்தால் ஒரு இழையை நெருப்பில் காட்டுங்கள். மனித மயிர் பொசுங்கிச் சாம்பலாகும், இறகு கருகிய மணம் வரும். செயற்கை நார் உருகிக் கறுத்த மணியாகத் திரளும். ஒருநாள் கூத்துக்குச் செயற்கையும் பரவாயில்லை, ஆனால் சூட்டுக்கோலை அதன் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

போடும் முறை கடினமில்லை, எங்கள் பழக்கங்களோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. முதலாவது எண்ணெய். விசேஷத்துக்கு முழுகி, நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தடவி, வாரி இழுத்துத்தான் எங்களுக்குத் தலை இழுத்து வழக்கம். எண்ணெய் பட்ட மயிரில் கிளிப் நில்லாது. முதல்நாளே எண்ணெய் போக முழுகி, நன்றாகக் காயவிட்டு வையுங்கள். அன்றைக்குக் காலையில் முழுகிய மயிரும் வழுக்கும், ஒருநாள் பழசாக இருந்தால் பிடி நன்றாக இருக்கும்.

வால்சீப்பால் காதுக்குக் காது நேராக வகிடு எடுங்கள், பிடரி மயிர் தொடங்குகிற இடத்திலிருந்து இரண்டு விரல் மேலே. மேல்மயிரை முழுக்க முடிந்து கட்டிவிடுங்கள். வகிட்டின் அடிமயிரைச் சீப்பால் வேர்ப்பக்கம் தள்ளித் தள்ளி ஒரு சிறு புசுபுசுப்பு உண்டாக்குங்கள், கிளிப்பின் பல் அதைத்தான் பிடிக்கும். பட்டியை வகிட்டோடு வைத்து நடுக் கிளிப்பை முதலில் அழுத்துங்கள், பிறகு இரண்டு ஓரமும். இழுத்துப் பிடித்து அழுத்தினால் ஓரத்து மயிர் நோகும். ஒரு விரல் கட்டை மேலே அடுத்த வகிடு, அடுத்த பட்டி. பின்தலையின் அகன்ற இடத்தில் பெரிய பட்டி, காதுக்கு மேலே பக்கவாட்டில் சிறியவை. நெற்றி ஓரத்திலிருந்தும் உச்சி வகிட்டிலிருந்தும் ஒரு இஞ்சிக்குக் குறையாமல் தள்ளி நில்லுங்கள். ஆசைக்கு உச்சிவரை ஏற்றினால் எந்த நாடாவும் தெரியத்தான் செய்யும். கடைசியில் மேல்மயிரை அவிழ்த்து விட்டு, சொந்த மயிரையும் தொடுப்பு மயிரையும் விரலால் கோதிக் கலந்துவிடுங்கள். தோளோடு வெட்டிய மயிருள்ளவளுக்கு அந்த வெட்டு தனியாகத் தெரியும். சலூனில் பட்டியைத் தலையில் போட்டபடியே உட்கார்ந்து, இரண்டையும் படிப்படியாகச் சேர்த்து வெட்டச் சொன்னால்தான் அது தீரும். ஒருமுறை வெட்டினால் போதும். குதிரைவால் கட்டுகிறவள் பிடரிக்குக் கிட்ட உள்ள அடிப் பட்டியைத் தலைகீழாகப் போட்டு மேல்நோக்கிச் சீவினால் பிடரியிலிருந்து பார்க்கிறவருக்கும் நாடா தெரியாது.

இரண்டாவது, காற்று. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகிறவர்கள் குறிகட்டுவானில் படகேறுவார்கள். எங்களுக்கும் அனலைதீவாருக்கும் ஊர்காவற்றுறைத் துறைதான். சோளகம் அடிக்கிற மாதங்களில் அந்தப் படகில் விரித்த தலையோடு வந்து இறங்குகிறவளைப் பார்த்தால் பேய் பிடித்தவள் என்று நினைப்பீர்கள். உயிர்காப்பு அங்கியின் வாரில் மயிர் சிக்கினால் பட்டி கையோடு வரும். ஆகவே பையில் கொண்டுவந்து இறங்கின பிறகு போடுங்கள். போட்டுக்கொண்டுதான் வரவேண்டுமென்றால் தளர்வாகப் பின்னி, மேலே ஒரு துணி கட்டுங்கள். கடற்குளிப்பு வேண்டவே வேண்டாம். அதோடு நித்திரையும் கொள்ளக் கூடாது.

மூன்றாவது தண்ணீர். யாழ்ப்பாணக் குடாநாடும் தீவுகளும் சுண்ணாம்புக் கல்லில் உட்கார்ந்திருக்கின்றன. கிணற்று நல்ல தண்ணி, கடல்நீருக்கு மேலே மிதக்கிற ஒரு மெல்லிய படலம். கூட இறைத்தால் சவராகும். அந்தக் கடினநீரில் ஷாம்பூ நுரைக்காது, சுண்ணாம்பு மயிரில் படிந்து வறட்டும். தலையில் வளர்கிற மயிருக்கு வேரிலிருந்து எண்ணெய்ப்பசை வந்துகொண்டிருக்கும். தொடுப்பு மயிருக்கு அது இல்லை, போன ஈரப்பதம் போனதுதான். எனவே அடிக்கடி கழுவக் கூடாது. பதினைந்து இருபது தரம் போட்ட பிறகு ஒருமுறை கழுவினால் தாராளம். மாரியில் பிடித்து வைத்த மழைத்தண்ணி இருந்தால் அதில் கழுவுங்கள். இல்லையென்றால் கிணற்றுத் தண்ணியில் கழுவி, கடைசி அலசலை மட்டும் சுண்ணாம்பு குறைந்த தண்ணியில் வையுங்கள். அதில் சில துளி தேசிக்காய்ப் புளி விட்டால் சுண்ணாம்புப் படிவு கழன்றுவிடும். அரப்பும் சீயாக்காயும் உங்கள் தலைக்கு, பட்டிக்கு வேண்டாம். தூள் நாடாவோரத்தில் அடைந்து நிற்கும். கண்டிஷனரை நுனியில் மட்டும் பூசுங்கள், நாடாவில் பட்டால் பிடி தளரும். பிழியாமல் துவாயில் ஒற்றி, நிழலில் விரித்துவிடுங்கள். இந்தத் தீவில் காற்றாலை, சூரியத்தகடு, பற்றரி, டீசல் இயந்திரம் எல்லாம் சேர்த்து மின்சாரம் எடுக்கிறார்கள். இவ்வளவு காற்று சும்மா வீசுகிற இடத்தில் மயிர் காயவைக்க ட்ரையர் போடுகிறவளை நான் மன்னிக்கமாட்டேன். சூட்டுக்கோல் வேண்டுமென்றால் 180 பாகைக்கு மேல் போகாமல், நாடாவுக்குக் கிட்டக் கொண்டுபோகாமல் பாவியுங்கள்.

இனிச் சொல்வது கொஞ்சம் கண்டிப்பு. கிளிப்பை நாள்தோறும் ஒரே இடத்தில் மாட்டினால் அந்த இடத்து வேர் தளர்ந்து மயிர் கொட்டும். காதுப்பொட்டில் உடைந்த குறு மயிர்கள், வேரடியில் சிறு பருக்கள், கழற்றின பிறகும் நோவு, இவை எச்சரிக்கை. அப்போதே நிறுத்தினால் மயிர் திரும்பி வளரும், வருடக்கணக்கில் இழுத்தால் வளராது. விசேஷத்துக்குப் போடுகிற சாமானை விசேஷத்துக்கே வைத்திருங்கள்.

மயிர் கொட்டுவதை மறைக்க வருகிறவர்களும் உண்டு. பிள்ளை பெற்று மூன்று மாதமளவில் பிடி பிடியாகக் கொட்டுவது பலருக்கு நடக்கும். ஒரு வருடத்துக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும், அதுவரை கிளிப்பின் இழுவை வேண்டாம். காரணம் தெரியாமல் கொட்டினால் இரத்தத்தில் இரும்புச் சத்தையும் தைரொயிட்டையும் சோதித்துப் பார்த்துவிட்டுப் பிறகு கடைக்குப் போங்கள். உச்சி வகிடு அகன்றுபோன வயதான அம்மாமாருக்குத் தேவை வேறொரு சாமான். டொப்பர் என்று உச்சியில் மட்டும் வைக்கிற சிறு துண்டு இருக்கிறது. பிடரியில் எத்தனை பட்டி மாட்டினாலும் உச்சி மூடாது.

தெல்லிப்பழையில் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும் கிளிப் முடி உதவாது. மாட்டுவதற்குத் தலையில் மயிர் வேண்டுமே. அவர்களுக்கு விக் ஒன்றுதான் வழி. அதற்கு அளவெடுக்கச் சிகிச்சை தொடங்குமுன், சொந்த மயிர் தலையில் இருக்கும்போதே போய்விடுங்கள். நிறமும் அடர்த்தியும் வகிடும் பார்த்துப் பொருத்துகிறவருக்கு அது வசதி. மயிர் கொட்டிய பிறகு தலைச்சுற்றளவு கொஞ்சம் குறையும் என்பதால், பின்பக்கம் இறுக்கித் தளர்த்தக்கூடிய பட்டி உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.